ஊர் மழைக்குச் சொன்னதும் இந்த மழைக்குச் சொன்னதும்: பழமொழிகள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வியின் சாரம் இது. தட்டோனுக்குப் பக்கத்துக் கிராமத்தில் உங்கள் அப்பத்தா வாய்க்கு வாய் சொல்லிவந்த பழமொழிகளுக்கு, ரங்கூனில் வேலை பார்க்கும் உங்கள் தொலைபேசியில் நாள்தோறும் வேறு பொருள்கள் வந்துகொண்டிருக்கின்றன. முன்னோர் சொன்னது ஒன்று, நாம் திரித்துக்கொண்டது வேறொன்று என்று அவை அடித்துச் சொல்கின்றன. அப்படியானால் அப்பத்தா சொன்னது பிழையா? அதோடு, 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது பர்மாவின் பருவத்துக்கே பொருந்தாதபோது, கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்பில் அதை இன்னும் ஏன் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்தால் முதல் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

பட்டம் என்றவுடன் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வானத்தில் விடும் காற்றாடியை நினைக்கிறார்கள். இங்கே பட்டம் என்பது விதைப்புக்கு உரிய பருவம். ஆடி மாதம் ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்டு நடுவில் முடிகிறது. அந்த நாள்களில் குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் காவிரி பெருகி வரும். ஆடிப் பதினெட்டில் அந்தப் புதுப்புனலை வணங்குவார்கள். அதையொட்டி விதைத்தால், பயிர் வேர்பிடித்து நிற்கும் வேளையில் ஐப்பசி மழை வந்து சேரும். இந்தக் கணக்கு முழுவதையும் நான்கு சொற்களுக்குள் அடக்கியது அந்தப் பழமொழி. நம் பக்கத்திலோ மே மாதத்தின் பின்பாதியில் பிடித்த மழை அக்டோபரில்தான் விடும். நாற்றங்காலை வைகாசிக் கடைசியிலோ ஆனியிலோ போட்டுவிடுவார்கள். ஆடியில் முழங்கால் நீரில் நின்று நடவு நடந்துகொண்டிருக்கும். அந்த மாதத்தில் விதையைத் தேடுகிறவனுக்கு அந்த ஆண்டு நடவே தப்பிவிட்டது என்று பொருள். 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்பதும் இங்கே செல்லாது. ஐப்பசியில் வானம் வெளுத்து, பர்மியர் தடிஞ்சூட் என்னும் திருவிழாவுக்கு விளக்கேற்றி மழைக்காலத்துக்கு விடைகொடுத்திருப்பார்கள். தஞ்சாவூரில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர். மோல்மேனில் 4,500 மில்லிமீட்டருக்கும் மேல். இரண்டு மழைக்கும் ஒரே சொல் பொருந்தாது என்பதில் வியப்பில்லை.

சிறுவனாக இருந்தபோது நானும் உங்களைப் போலவே என் அப்பத்தாவிடம் கேட்டேன். அவர் பெகுவுக்குக் கிழக்கே ஒரு வயற்குடிசையில் பிறந்தவர். ராமநாதபுரம் சீமையிலிருந்து, கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியோடு கப்பலேறி வந்தவர் அவருடைய தகப்பனார். அப்பத்தா தமிழ்நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் 'ஊர்' என்றால் அவருக்கு அதுதான் ஊர். நான் கேட்டதற்கு, களையெடுத்த கையை நீரில் அலசிக்கொண்டே, "அது ஊர் மழைக்குச் சொன்னதுப்பா, இது வேற மழை" என்றார். அதற்காக அந்தப் பழமொழியை அவர் கைவிடவில்லை. பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் நாளைக் கடத்தியபோதும், கொடுத்த கைம்மாற்றை அறுவடைக் கையோடு கேட்காமல் என் பெரியப்பா தயங்கியபோதும் அதைச் சொன்னார். நாற்றங்கால் போடும்போது மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

இதை நான் பல ஆண்டுகளாக எண்ணிப் பார்த்து வருகிறேன். தமிழ்நாட்டில் அந்தத் தொடர் உழவனுக்கான கட்டளையாகவும் இருந்தது, எதற்கும் ஏற்ற வேளை உண்டு என்னும் அறிவுரையாகவும் இருந்தது. கடல் கடந்து வந்தபோது கட்டளை உதிர்ந்துபோய், அறிவுரை மட்டும் மிஞ்சியது. பிள்ளைகளுக்கு நாங்கள் அதை இன்னும் சொல்லிக்கொடுப்பது அதற்காகத்தான். ஆனால் சொல்லிக்கொடுக்கும்போது, எந்த ஆற்றை நம்பி, எந்த மழையை எதிர்பார்த்துச் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்ட கேள்வியை எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள், கேட்பதும் நியாயம்.

எல்லாப் பழமொழியும் இப்படி மண்ணை இழந்துவிடவில்லை. சில, இங்கே வந்து இன்னும் அழுத்தமாகப் பொருந்தின. 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்து கையில் காசு வரும், கல்யாணம் கூடும், கடன் தீரும் என்ற பொருளில் எல்லாரும் சொல்கிறார்கள். ஐராவதி முகத்துவாரத்து வயல்வெளியில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு உவமையும் இல்லை. மழைக்காலம் முழுவதும் வரப்பு நீருக்குள் கிடக்கும். அடுத்த வீட்டுக்குப் போவதற்கும் தோணி வேண்டும். கார்த்திகையிலும் மார்கழியிலும் அறுவடை முடிந்து, நீர் வற்றி, களிமண் வெடிக்கத் தொடங்கும்போது, தாளடிகளுக்கு நடுவே மாட்டுவண்டி முதல் தடவை போன தடம் தெரியும். தை முதல் வாரத்தில் அந்தத் தடம் அகன்று பாதையாகிவிடும். எங்கள் வீட்டில் பொங்கல் பானை இறக்கியதும் அப்பா அந்தத் தடத்தில் வண்டி கட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவார். ஆறு மாதம் காணாத முகங்களை அந்த வழியில்தான் கண்டோம்.

அளவுகளைப் பற்றிய பழமொழிகள் வேறு விதமாகத் தப்பிப் பிழைத்தன. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பதில் வரும் உழக்கு எவ்வளவு என்று இன்று ரங்கூனில் பிறந்த பிள்ளையிடம் கேட்டால் தெரியாது. இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்ற வாய்பாட்டை நான் எழுதிப்போட்டால் அவர்களுக்கு அது வெறும் கணக்கு. ஆனால் நம் சந்தையில் அரிசி அளக்கும் சுண்டிய பால் டின் எல்லா வீட்டிலும் இருக்கிறது. எட்டு டின் ஒரு பியி, பதினாறு பியி ஒரு கூடை. அளவுகள் ஊருக்கு ஊர் சற்று மாறினாலும், அந்தப் பால் டின்னும் பழைய உழக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுமே ஒரு லிட்டரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே வகுப்பில் நான் ஒரு பால் டின்னைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, ஆண்டு முழுவதும் உழுதவனுக்கு இதுகூட மிஞ்சவில்லை என்று சொல்கிறேன். பிள்ளைகள் அதன்பின் விளக்கம் கேட்பதில்லை.

அந்தப் பழமொழிக்கு நம் நாட்டில் கசப்பான ஒரு வரலாறும் உண்டு. அதை மறைத்துப் பேசக் கூடாது. 1930ஆம் ஆண்டையொட்டி நெல் விலை சரிந்தபோது, கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் கடனுக்கு ஈடான நிலங்கள் கைமாறின. 1930இல் அம்மாவட்டங்களின் விளைநிலத்தில் 6 விழுக்காட்டை வைத்திருந்த, வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த செட்டியார்கள், 1937 அளவில் 25 விழுக்காட்டுக்கு உரியவர்களானார்கள். அவர்களும் நிலத்தைத் தேடி வந்தவர்கள் அல்லர். கொடுத்த பணம் திரும்பாமல் நிலமாக நின்றது. உழுத பர்மியருக்கும், கூலிக்கு அறுத்த நம் ஆட்களுக்கும் அந்த ஆண்டுகளில் உழக்கு மிஞ்சவில்லை. அந்தக் காலத்து மனிதர்களின் வாயில் இந்தப் பழமொழியைக் கேட்டவர்கள், அதைப் பள்ளிப் பாடமாக ஒருநாளும் ஒப்பிக்க மாட்டார்கள்.

அளப்பதைப் பற்றிப் பேசும்போது 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் களத்து நெல் படகில்தான் ஆலைக்குப் போயிற்று. படித்துறையில் அப்பா கூடை கூடையாக அளந்து படகுக்குள் கொட்டுவார். முதல் கூடையை 'ஒன்று' என்று எண்ண மாட்டார். 'லாபம்' என்று சொல்லித்தான் தொடங்குவார். பிறகு இரண்டு, மூன்று. படகுக்காரர் பர்மியர்; தமிழில் அவருக்குத் தெரிந்த எண்ணிக்கையே லாபம், இரண்டு, மூன்றுதான். நீருக்குமேல் நின்று அளக்கும் அந்தக் காட்சி எனக்கு அந்தப் பழமொழியின் படமாகவே நின்றுவிட்டது. ஆற்றில் போவதானாலும் கணக்கோடு போகட்டும் என்பதை அப்பா வாயால் சொல்லாமல் கையால் செய்துகாட்டினார்.

இனி உங்கள் முதல் கேள்வி. பழமொழி என்பது விடுகதை அன்று. அதற்குள் யாரோ ஒரு மறைபொருளைப் பூட்டிவைத்திருப்பதாக எண்ணித் திறவுகோல் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியம் முதுமொழிக்கு இலக்கணம் சொல்லும்போது, நுட்பமும் சுருக்கமும் ஒளியும் உடையதாய், சொல்ல வந்த பொருளை முடித்துவைக்கக் காரணமாக வந்து நிற்பது என்கிறது. 'ஏது நுதலிய முதுமொழி' என்பது அதன் சொல். ஏது என்றால் காரணம். ஒருவர் ஒரு கருத்தைச் சொல்கிறார், அதற்குச் சான்றாகப் பழைய சொல் ஒன்றைத் துணைக்கு அழைக்கிறார். ஆகவே அதன் பொருளை அது அழைக்கப்பட்ட இடத்தில்தான் தேட வேண்டும்.

அகநானூற்றின் 101ஆம் பாட்டில் மாமூலனார் இதைக் கண்முன் காட்டுகிறார். தலைவன் பொருள் தேடித் தொலைதூரம் போய்விட்டான். தலைவி தோழியிடம், நன்று செய்த இடத்தில் தீது வராது என்னும் 'தொன்றுபடு பழமொழி' இன்று பொய்த்துவிட்டதோ என்று கேட்கிறாள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது பழைய மொழியாகிவிட்டிருக்கிறது. அதைத் தன் துயரத்தோடு உரசிப் பார்க்கிறாள் ஒரு பெண். கப்பலேறிப் போன கணவனின் கடிதத்துக்காக ராமநாதபுரத்தில் காத்திருந்த நம் கொள்ளுப்பாட்டிகளை நினைக்காமல் என்னால் அந்தப் பாட்டைப் படிக்க முடிவதில்லை.

இப்போது தொலைபேசியில் வந்தவற்றைப் பார்ப்போம். 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பது தவறாம். கழு என்னும் கோரைப் புல்லால் தைத்த பாயில் கற்பூர வாசனை வரும், 'கழு தைக்கத் தெரியுமாம்' என்பதே சரியாம். ஒரு பழமொழி தனியாகப் பிறப்பதில்லை; அதற்கு உற்றார் உறவினர் உண்டு. குரங்கு கையில் பூமாலை, செவிடன் காதில் ஊதிய சங்கு ஆகியவை இதன் தமிழ் உறவுகள். நம் கடைத்தெருவில் இந்தி பேசுகிறவர்கள், குரங்குக்கு இஞ்சியின் சுவை தெரியுமா என்கிறார்கள். பர்மியர், எருமையின் பக்கத்தில் சவுங் வாசிப்பது என்கிறார்கள். சவுங் என்பது அவர்களுடைய வில்யாழ். மூன்று மொழியினரும் அருமை தெரியாத காதையும் மூக்கையும் நாக்கையும் பற்றி ஒரே விதமாகப் பேசும்போது, நம்முடையது மட்டும் பாய் தைப்பதைப் பற்றியதாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. கீழ்ப் பர்மாவில் வளரும் பிள்ளை கழுதையைப் பார்த்திருக்காது. எருமையைப் பார்க்காத பிள்ளை இல்லை. எனவே நான் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பதில் வருவது குதிரை அன்று, ஆற்றில் சேரும் மணல்மேடாகிய குதிர் என்பது இன்னொரு செய்தி. உழவர் வீட்டில் குதிர் என்றால் நெல் கொட்டிவைக்கும் பெரிய மண்கூடு. பர்மியர் சபாஜி என்று சொல்லும் நெற்களஞ்சியத்தின் வேலையைச் செய்வது அது. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற பழமொழியைச் சொல்லிச் சிரித்த வாய்கள், அதே சொல்லை ஆற்று மணலுக்கும் குழப்பமின்றிச் சொல்லியிருக்குமா என்பதை எண்ணிப் பாருங்கள். அய்யனாருக்கு மண்குதிரை செய்து நேர்ந்துவிடும் சீமையிலிருந்து வந்தவர்கள் நாம். கம்பீரமாக நிற்கும், ஏறிப் போக உதவாது, நீரில் கரையும். இந்த உவமைக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் வேறு கிடைக்குமா? வேளைக்கு உதவாதவனை நம்பாதே என்று உங்கள் அப்பத்தா சொன்ன பொருளை நான் மாற்ற மாட்டேன்.

'ஆறிலும் சாவு நூறிலும் சாவு' என்பதற்குக் கர்ணன் கதையைச் சொல்கிறார்கள்: பாண்டவரோடு ஆறாவது ஆளாகச் சேர்ந்தாலும், கௌரவர் நூறு பேரோடு நின்றாலும் அவனுக்குச் சாவு உறுதி என்று. கூத்து மேடையில் கேட்க நன்றாக இருக்கும். அந்த அளவில் அதை வெறுக்கவும் மாட்டேன். ஆனால் இழவு வீட்டில் அதைச் சொல்லும் கிழவிக்குக் கர்ணன் நினைவில் இல்லை. ஆறு வயதிலும் வரும், நூறு வயதிலும் வரும் என்பதுதான் நினைவில் இருக்கிறது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தபின், லட்சக்கணக்கான இந்தியர்கள் புரோம் வழியாக அரக்கானுக்கும், தமூ வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். எங்கள் குடும்பத்தில் அப்படி நடந்து போனவர்களில் ஆறு வயதை எட்டாத ஒரு பிள்ளையும் உண்டு, திரும்பவில்லை. என் அப்பத்தா அந்தப் பழமொழியைப் பாதியில் நிறுத்திவிடுவார். 'ஆறிலும் சாவு' என்பதற்குமேல் அவர் வாய் போகாது.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பது, உண்ணும்போது முன்னேயும் வில்லை இழுக்கும்போது பின்னேயும் போகும் வலக்கையைச் சொன்னது என்ற செய்தியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதுவும் இந்த வகையே.

பர்மாவில் பிறந்த பழமொழி உண்டா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நான் வளர்ந்த கிராமத்தில் புதிதாகப் பிறந்ததைவிடக் கடன் வாங்கியதே மிகுதி. அதில் குறைவு ஒன்றுமில்லை. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்று நாம் சொல்வதைப் பர்மியர், ஒரு மீன் கெட்டால் படகு முழுதும் நாறும் என்பார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம்முடையது. மாடு பிரிந்தால் புலி கடிக்கும் என்பது அவர்களுடையது. கோயில் நிர்வாகத்தில் இரண்டு தரப்பாகப் பிரிந்து பேசிய ஒரு கூட்டத்தில், பெரியவர் ஒருவர் எழுந்து நின்று கூத்தாடிப் பழமொழியைச் சொல்லவில்லை. மாட்டையும் புலியையும் தமிழில் சொன்னார். அரங்கு அமைதியாயிற்று. கூத்தாடியின் கொண்டாட்டத்தைவிடப் புலியின் பல் அந்த நேரத்துக்கு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். நம் முன்னோர் ஏன் இங்கே வந்தார்கள் என்று கேட்டால், ஒரு பாட்டி 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்பார். அடுத்த பாட்டி, தெளிந்த நீரும் இளம்புல்லும் இருக்கும் இடம் என்ற பர்மியச் சொல்லைச் சொல்வார். முதலாவதில் ஓட்டமும் தேடலும் இருக்கின்றன. இரண்டாவதில் மேயவந்த கால்நடையின் நிம்மதி இருக்கிறது. இரண்டும் உண்மை.

இவையெல்லாம் நம்மிடம் மிஞ்சியதற்கு ஒரு காரணம் உண்டு. 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபின், பல கிராமங்களில் தமிழ் எழுத்து கோயில் மண்டபத்துக்குள் ஒடுங்கியது. தமிழ் பேசத் தெரிந்தும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை வளர்ந்தது. என் உடன்பிறந்தாரில் இருவர் அப்படி. அவர்கள் கையில் இருந்த தமிழ் இலக்கியம் என்றால் அது பழமொழிதான். அச்சில் இல்லாத ஒன்றைத் திருத்தி அனுப்ப யாருக்கும் வழியில்லாமலும் இருந்தது. இன்று தொலைபேசியில் வரும் திருத்தங்களை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள், அச்சில் இருப்பதால் அதுவே சரி என்று எண்ணிவிடுகிறார்கள். உங்கள் அப்பத்தா அப்படி ஒரு செய்தியைக் கேட்டுத் தன் சொல்லைத் தானே சந்தேகப்பட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை வருத்தியது. அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: மண்குதிரை குதிரையேதான்.

அடுத்த முறை தட்டோன் போகும்போது, பழமொழிகளை மட்டும் கேட்டு எழுதாதீர்கள். ஒவ்வொன்றையும் அவர் யாரிடம், எந்தச் சண்டையில், எந்தச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார் என்று கேட்டுப் பக்கத்திலேயே எழுதுங்கள். கேள்வியாகக் கேட்டால் நினைவுக்கு வராது. அரிசி புடைக்கும்போதோ, மீன் ஆயும்போதோ பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், தானாக வரும். பர்மியச் சொல் கலந்து சொன்னால் அதை நீக்கித் தூய்மைப்படுத்த வேண்டாம். அவர் வாயில் வந்தபடியே இருக்கட்டும். அவர் சொன்னதாக நீங்கள் குறிப்பிட்ட அந்த மூன்றாவது பழமொழி எனக்குப் புதியது. அதில் வரும் மீனின் பெயரை எழுத்தில் பார்த்து என்னால் அடையாளம் காண முடியவில்லை. அதை மட்டும் அவர் குரலிலேயே பதிவு செய்து அனுப்புங்கள்.